டைபாய்டு என்று சொல்லி வைத்தோம்

என் மகளுக்குப் பதினாறு வயது. பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அவள் வயதுப் பிள்ளைகள் எல்லாம் பதினொன்றில் இருக்கிறார்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போதே அவளுக்கு ஏழு வயது ஆகியிருந்தது. ஏன் இவ்வளவு தாமதம் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள்.

"டைபாய்டு மேடம். ரொம்ப நாள் படுத்துட்டா" என்றேன்.

பக்கத்தில் நின்றிருந்த மகளும் "டைபாய்டு" என்று தலையை ஆட்டினாள். அதற்கு முன் ஒரு வாரம் வீட்டில் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருந்தோம். யார் கேட்டாலும் என்ன சொல்லணும்? டைபாய்டு. எத்தனை நாள்? ரொம்ப நாள். வாய்ப்பாடு ஒப்பிப்பது போல ஒப்பித்தாள். பின்னாளில் எத்தனையோ விஷயங்களை மறந்தாள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் மறக்கவே இல்லை.

இதைப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். பெரியவர்கள் படித்தால் ஒன்று என்னைத் திட்டுவார்கள், இல்லையென்றால் நான் செய்ததுதான் சரி என்பார்கள். எனக்கு இரண்டும் வேண்டாம். உங்களில் யாருக்காவது சின்ன வயதில் பெரிய வியாதி வந்து போயிருக்கலாம். உங்கள் வகுப்பில் அப்படி ஒருத்தர் இருக்கலாம், உங்களுக்குத் தெரியாமலே இருக்கலாம். நான் பத்தாவது வரை படித்தவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கு வந்தது டைபாய்டு இல்லை. ரத்தப் புற்றுநோய். அப்போது நாலு வயது. விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று படி ஏற மாட்டேன் என்றாள். காலெல்லாம் நீலம் நீலமாகத் திட்டு. நகரத்துக்குள் இருக்கும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டரை வருஷம் மருந்து. ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு போவேன். கூட்டத்தில் யாரும் தும்மக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொள்வேன். மருந்து ஏறிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குச் சாதாரண ஜலதோஷமே ஆபத்து.

நம் மூளையைச் சுற்றித் தண்ணீர் மாதிரி ஒன்று இருக்கிறதாம். கெட்ட செல்கள் போய் அதற்குள் ஒளிந்துகொள்ளுமாம். அதனால் முதுகெலும்பு நடுவில் ஊசி குத்தி மருந்தை நேராக அங்கே விடுவார்கள். இறால் மாதிரி சுருண்டு படுக்கவேண்டும். நான் அவள் தலையையும் முழங்காலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வேன். என் சட்டைப் பொத்தானை வாயில் கடித்துக்கொண்டு கிடப்பாள். அழ மாட்டாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலை என்று இருந்திருக்கும்.

ஆரம்பத்திலேயே டாக்டரம்மா ஒரு விஷயம் சொன்னார். "உயிரைக் காப்பாத்தறதுதான் இப்ப முதல் வேலை. பின்னாடி, எல்லாருக்கும் இல்ல, சில பிள்ளைங்களுக்கு ஞாபகம், படிப்பு, இதெல்லாம் கொஞ்சம் மெதுவா வரும். அதையும் இப்பவே சொல்லிடறேன்."

சரி டாக்டர் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். எழுதப் படிக்கவே வராது என்று சொல்லியிருந்தாலும் போட்டிருப்பேன். அந்தக் கையெழுத்தைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அவர் சொன்ன அந்த வாக்கியத்தை எங்கேயோ கொண்டுபோய் வைத்துப் பூட்டிவிட்டேன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

அப்போது நாங்கள் முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் சொந்த வீட்டில் இருந்தோம். அண்ணன் தம்பிகள் ஒரே மனையில் வரிசையாக வீடு கட்டிக்கொண்டவர்கள். முதல் மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது, என் அண்ணி அவளுக்கென்று ஒரு டம்ளரைத் தனியாக எடுத்து ஜன்னல் மேல் வைத்தார். அவர் கெட்டவர் இல்லை. ஒட்டிக்கொள்ளும் என்று பயம். அந்த வியாதி ஒட்டாது என்று சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். டம்ளர் மட்டும் ஜன்னலிலேயே இருந்தது.

என் மனைவி அந்த டம்ளரைப் பார்த்தாள். அன்றைக்குச் சாயங்காலமே சொல்லிவிட்டாள். "இங்கயே கீறோம்னா இவ பெரியவளாகி நிக்கிறப்பவும் இதையேதான் பேசுவாங்க. பொட்டப் புள்ள. வேற எங்கயாச்சும் ஊடு பாரு. அங்க ஒரு ஆளுக்கும் தெரியக் கூடாது."

சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு சேக்காட்டில் வாடகைக்கு வந்தோம். மாடியில் வீட்டுக்காரர் குடும்பம், கீழே நாங்கள். சாமான் இறக்கிய அன்றைக்கே வீட்டுக்காரம்மா மகள் தலையைப் பார்த்தார். முடி கொத்துக் கொத்தாக விழுந்து, மிச்சத்தையும் நானே மிஷினால் வழித்துவிட்டிருந்தேன்.

"குழந்தைக்கு மொட்டையா? எந்தக் கோயில்?"

என் மனைவி கண்ணைக்கூட சிமிட்டவில்லை. "திருவேற்காடுக்கா" என்றாள்.

பொய் சொல்லியாயிற்று. கோயிலுக்குப் போகாமலே போட்ட மொட்டை. அது எனக்கு உறுத்தியது. அவளைக் கூட்டத்துக்குள் கொண்டுபோகக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் திருவேற்காட்டுக்குப் போய் நிஜமாகவே மொட்டை போட்டுக்கொண்டேன். அங்கே பூசிய சந்தனத்தில் கொஞ்சம் இலையில் மடித்துக் கொண்டுவந்து அவள் தலையில் பூசினேன். அவள் என் தலையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. "அப்பாவும் மொட்டை, பாப்பாவும் மொட்டை!" என் மனைவி போனில் போட்டோ எடுத்தாள்.

நடுவில் முடி கொஞ்சம் வளரும், அடுத்த மருந்துக்கு மறுபடியும் கொட்டும். அவளுக்குக் கொட்டும்போதெல்லாம் நானும் திருவேற்காட்டுக்குப் போனேன். மூன்றாம் தடவை பட்டறையில் பக்கத்து லேத்துக்காரன் என் தலையைப் பார்த்து மிஷினையே நிறுத்திவிட்டான்.

"இன்னா அண்ணாத்தே, மறுபடியுமா? அவுங்கவுங்க வருஷத்துக்கு ஒண்ணு போடுவாங்க. நீ இன்னா மாசாந்தர சீசன் டிக்கெட் மாரி போட்டுக்கினே கீறே? போற போக்குல அம்மனே போதும்டா சாமின்னு சொல்லப் போறா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவனோடு பத்து வருஷமாக ஒரே டிபன் கேரியர் மூடியில் ஊறுகாய் பங்கு போட்டுச் சாப்பிட்டிருக்கிறேன். அவனிடம்கூடச் சொல்லவில்லை. அந்த இரண்டரை வருஷமும் மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கம்ப்ரஸர் ரூம் பக்கம் போய்விடுவேன். அங்கே சத்தத்தில் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

வியாதி போய்விட்டது. அதைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். முழுசாகப் போய்விட்டது. சில வருஷம் பரிசோதனைக்குப் போனோம். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனாலும் வருஷத்துக்கு ஒரு தடவை வந்துகொண்டே இருக்கவேண்டும் என்றார்கள். நாங்கள் நிறுத்திவிட்டோம். ஆஸ்பத்திரி வாசலில் யாராவது தெரிந்தவர்கள் பார்த்துவிட்டால் என்ன சொல்வது?

மகளிடமும் டைபாய்டு என்றே சொல்லி வைத்தோம். ஊசி, ஆஸ்பத்திரி, ஜன்னல் வழியாகத் தெரிந்த தண்ணீர்த் தொட்டி என்று அவளுக்குத் துண்டு துண்டாக ஏதோ ஞாபகம் இருந்தது. டைபாய்டு வந்தது, அம்மனுக்கு வேண்டிக்கொண்டோம், அப்பாவும் நீயும் மொட்டை போட்டீர்கள், சரியாகிவிட்டது. இதுதான் அவளுக்குத் தெரிந்த கதை. போட்டோவும் இருந்ததால் நம்பினாள்.

ஒன்று, இரண்டு வகுப்புகளில் ஒன்றும் தெரியவில்லை. நாலாவதிலிருந்து தெரிய ஆரம்பித்தது. பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தபோது அவள் நோட்டுகளைப் பார்த்தேன். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு பாடமும் பாதியில் நின்றிருந்தது. 'தாவரங்கள் சூரிய ஒளியைக் கொண்டு' என்று இருக்கும், அதற்குக் கீழே வெள்ளைத்தாள். அவள் எழுதி முடிப்பதற்குள் போர்டை அழித்துவிடுகிறார்கள். மற்ற பிள்ளைகளிடம் நோட்டு கேட்டு வாங்குவாள். இவள் பார்த்து எழுதித் திருப்பிக் கொடுக்க நாலு நாள் ஆகும். நாளாக ஆக யாரும் கொடுப்பதில்லை.

கணக்கும் அப்படித்தான். பெருக்கல் தெரியும், வகுத்தல் தெரியும். ஒரே கணக்கில் பெருக்கி, கூட்டி, அப்புறம் வகுக்கவேண்டும் என்றால் நடுவழியில் நின்றுவிடுவாள். பேனாவைப் பிடித்தபடி தாளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எங்கோ ஒரு பஸ் நிறுத்தத்தில் இறங்கிவிட்டு, இது எந்த ஊர் என்று பார்க்கிறவள் மாதிரி.

வகுப்பில் அவளை டியூப்லைட் என்று கூப்பிட்டார்கள். யாராவது ஜோக் சொன்னால் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு இவளுக்குப் புரிந்து சிரிப்பாளாம். அதைப் பார்த்து அவர்கள் இரண்டாம் தடவை சிரிப்பார்களாம். இதை அவளே எங்களிடம் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள். "நல்லதுதானேப்பா? ஒரு ஜோக்குக்கு ரெண்டு வாட்டி சிரிக்கிறாங்க" என்றாள். என் மனைவி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

இப்போது நான் செய்ததைச் சொல்லவேண்டும். அவள் எட்டாவது படித்தபோது ஒரு சனிக்கிழமை. நான் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னேன். "மாடில காயிற துணிய எடுத்தாந்துடு, கேட்ட சாத்திடு, பத்து நிமிசத்துல மோட்டார நிறுத்திடு." சரிப்பா என்றாள். துணியை எடுத்துவந்து அழகாக மடித்து வைத்திருந்தாள். கேட் திறந்து கிடந்தது. மோட்டார் ஓடி ஓடி, மேல் தொட்டி வழிந்து, வீட்டுக்காரர் வாசலெல்லாம் தண்ணீர். நான் திரும்பி வரும்போது அவர் தெரு கேட்கக் கத்திக்கொண்டிருந்தார். "இத்தாம்பெரிய பொண்ணுக்கு ஒரு சுவிட்ச நிறுத்தத் தெரியாதா? சோறுதானே துன்றா?"

அவரை ஒன்றும் சொல்ல முடியவில்லை. மகளை அடித்தேன். கன்னத்தில். "சொன்னது காதுல ஏறல? திமிரா?" என்று கேட்டேன். அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "துணிய மடிச்சேன்ப்பா" என்றாள்.

அப்போது எனக்குத் தெரியும். டாக்டரம்மா சொன்ன வாக்கியம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அடித்தேன்.

பத்தாம் வகுப்புக் காலாண்டில் இரண்டு பாடங்களைத் தவிர மற்றதெல்லாம் போயிற்று. கேள்வித்தாளில் பாதிவரைதான் வந்திருந்தாள். எழுதியவரை எல்லாம் சரி. டியூஷன் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "தப்பா நெனச்சுக்காதீங்க சார். பொண்ணு நல்ல பொண்ணு. ஆனா ஏறலையே. பத்தாவதோட நிறுத்திட்டுத் தையல் மாதிரி ஏதாவது..." என்று இழுத்தார். மகள் வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கேட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்து புத்தகப் பையை வைத்தவள் நேராக எங்களிடம் வந்தாள். "ப்பா, நான் திருவேற்காட்டுல மொட்டை போட்டுக்கிறேன்."

"இன்னாத்துக்கு?"

"சின்ன வயசுல போட்டதுக்குத்தானே டைபாய்டு சரியாச்சு? இப்ப படிப்புக்குப் போட்டுக்கிறேன். பப்ளிக் எக்ஸாமுக்குள்ள ஏதாவது கொஞ்சம் வரும்ல?"

அவளுக்கு இடுப்புவரை முடி. அவளிடம் மற்ற பெண்கள் ஆசைப்பட்டுக் கேட்கிற ஒரே விஷயம் அதுதான். என்ன எண்ணெய் தேய்க்கிறே என்று கேட்பார்களாம்.

என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "அவளே கேக்கறா பாரு. அம்மனே கேக்க வெக்கிறா" என்றாள். என்னிடம் தனியாக, "நீ ஒண்ணும் ஒளறி வெக்காத. முடிதானே, வளந்துடும்" என்றாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஜன்னல் மேல் இருந்த டம்ளரை அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆவடியில் ஷேர் ஆட்டோ ஏறினோம். மகள் வழியெல்லாம் பின்னலை முன்னால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். மொட்டைக்கு அப்புறம் தலையில் சுற்றிக்கொள்ள என் மனைவி புதுசாக ஒரு துப்பட்டா வாங்கிப் பையில் வைத்திருந்தாள்.

முடி எடுக்கிற இடத்தில் வரிசை இல்லை. சீட்டைக் கொடுத்ததும் உட்காரச் சொன்னார்கள். முடி எடுப்பவர் என் வயதுக்காரர். பின்னலைக் கையில் எடுத்துப் பார்த்தார். "பெரிய பொண்ணாச்சேம்மா. பூ முடி குடுத்தாப் போதும். மூணு கத்திரி போட்டு எடுத்தா அம்மனுக்கு சேந்துடும்" என்றார். பெண்கள் நிறையப் பேர் அப்படித்தான் கொடுப்பார்கள்.

"வேணாண்ணா. முழுசா எடுங்க. முந்தி முழுசா எடுத்துதான் நான் பொழைச்சேன். இப்ப படிப்பு வரணும்."

"படிப்பா?" அவர் சிரித்தார். "நான் சின்ன வயசுல மூணு வாட்டி மொட்டை போட்டவன்மா. எட்டாவத தாண்டலையே."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள். அப்புறம் குனிந்து கொடுத்தாள். அவர் பின்னலை அவிழ்த்துத் தண்ணீரை ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தார். ஈர முடி தரையில் பரவியது. பிளேடை மாற்றிக்கொண்டு கத்தியை எடுத்தார்.

"முந்தி யாரும் எடுக்கல" என்றேன்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "முந்தி உனுக்கு யாரும் முடி எடுக்கல பாப்பா. தானா கொட்டிச்சு."

"ஐய, வாய மூடு" என்றாள் என் மனைவி. அழுகையும் கோபமுமாக இருந்தாள். முடி எடுப்பவர் கத்தியை மடக்கிக் கீழே வைத்துவிட்டு, "வெளில போயி பேசிட்டு வாங்க. நான் இங்கதான் இருப்பேன்" என்றார்.

செருப்பு விடுகிற இடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சிமெண்டு திண்டு இருந்தது. மகளை அங்கே உட்காரவைத்தேன். முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. டைபாய்டு வரவில்லை, ரத்தப் புற்றுநோய் வந்தது என்று சொன்னேன். முதுகில் ஊசி போட்டதைச் சொன்னேன். அந்த மருந்துதான் காப்பாற்றியது, அந்த மருந்தால்தான் முடி கொட்டியது, அதே மருந்து சில பிள்ளைகளுக்கு மூளையின் வேகத்தைக் குறைக்கும் என்று அப்போதே டாக்டர் சொன்னார் என்றும் சொன்னேன். ரொம்ப வேகமாகச் சொல்லிவிட்டேன்போல. அவள், "மொதல்லேர்ந்து சொல்லு. ஒண்ணொண்ணா சொல்லு" என்றாள்.

ஒன்றொன்றாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் நடுவில் அவள் தலையாட்டும்வரை நிறுத்தினேன்.

"இப்ப அது இருக்கா?"

"இல்ல. பூட்ச்சி. திரும்பி வரல."

"நான் செத்துடுவேன்னு நெனச்சீங்களா?"

"ஆமா."

ஒரு குடும்பம் கைக்குழந்தையை மொட்டையடித்துத் தூக்கிக்கொண்டு போனது. அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் மக்கு இல்லியா?"

"இல்ல கண்ணு. இல்லவே இல்ல."

அவள் முகம் கொஞ்சம் மாறியது. ஒரு நிமிஷம் நான் நிம்மதியாக இருந்தேன். அதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"மொதல்லேர்ந்து."

"மோட்டாருக்கு அடிச்சியே. அன்னிக்குத் தெரியுமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "தெரியும்" என்றேன்.

அவள் ஈர முடியை முறுக்கிப் பிழிந்து கொண்டை போட்டுக்கொண்டாள். "வூட்டுக்குப் போலாம்" என்றாள். திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் பின்சீட்டில் இடம் இருந்தும் டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவள் முதுகு முழுக்க ஈரம் படர்ந்திருந்தது. என் மனைவி சேக்காடு வரும்வரை என் பக்கம் திரும்பவில்லை. அதற்கப்புறமும் இருபது நாளுக்கு மேல் என்னோடு பேசவில்லை. சாப்பாடு வைத்துவிட்டு, "வெச்சிருக்கு" என்று சுவரிடம் சொல்வாள்.

அந்த மாதமே மகளைப் பழைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வேறு டாக்டரம்மா. பழைய ஃபைலைப் புரட்டிவிட்டு, "இத்தனை வருஷம் ஏன் சார் வரல?" என்று கேட்டார். இரண்டு நாள் காலையில் மகளை உட்காரவைத்துப் படங்கள், கட்டைகள், எண்கள் எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். எண்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். கடைசியில் டாக்டரம்மா என்னிடம் பேசாமல் அவளிடம் பேசினார்.

"உனக்குப் புரிஞ்சுக்கற சக்தி நல்லாவே இருக்கு. வேகம்தான் கம்மி. ஒரே நேரத்துல மூணு விஷயத்தைக் கொடுத்தா, ஒண்ணைப் பிடிக்கறதுக்குள்ள மத்தது நழுவிடும். எழுதி வெச்சுக்கோ. ஒண்ணை முடிச்சிட்டு அடுத்ததை எடு. வெட்கப்படாத."

"சரியாயிடுமா?"

"முழுசா ஆயிடும்னு பொய் சொல்ல மாட்டேன். பழகிக்கலாம்."

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். பொய் சொல்ல மாட்டேன் என்று ஒருத்தர் சொன்னபோது என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தார்கள். கொடுக்கவே கூடாது என்று வீட்டில் சண்டை. கடைசியில் மகளே அதை எடுத்துக்கொண்டு போய் வகுப்பு டீச்சரிடம் கொடுத்துவிட்டாள். அவர் நல்லவர். போர்டைப் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறார். பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்டு மேலே எழுதியிருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை. வருமா என்று தெரியவில்லை.

வகுப்பில் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "டியூப்லைட்டுன்னு கூப்பிடறத நிறுத்திட்டாங்க" என்றாள். கொஞ்சம் கழித்து, "கூப்பிடறதையே நிறுத்திட்டாங்க" என்றாள். இது எனக்குப் புதிது. வியாதியின் பெயரைச் சொன்னால் பாவம் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். பாவம் பார்க்கிறவர்கள் பக்கத்தில் வந்து உட்கார மாட்டார்கள் என்று தெரியாமல் போயிற்று. இதைப் படிக்கிற உங்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள் இருக்கிறது என்றால் அது இதுதான். போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். பேசுவது மெதுவாக வரும். காத்திருங்கள். ஜோக்கைக்கூடச் சொல்லுங்கள்.

என்னோடு அவள் தேவைக்குத்தான் பேசுகிறாள். முன்பெல்லாம் நான் பட்டறையிலிருந்து வந்ததும் கையிலிருக்கும் எண்ணெய் வாசனையை முகர்ந்துவிட்டு முகத்தைச் சுளிப்பாள். இப்போது வருவதில்லை. அதைக் கேட்டு வாங்க முடியாது.

போன மாதம் மறுபடியும் பரிசோதனைக்குப் போனோம். காத்திருக்கும் பெஞ்சில் அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் இருந்தது. எதிரே சின்னப் பிள்ளைகள், வாயில் மாஸ்க், தலையில் தொப்பி. அவள் அவர்களைப் பார்க்கவில்லை. தன் வயதில் யாராவது உள்ளே வருகிறார்களா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரை மணி நேரம் கழித்து என்னிடம் கேட்டாள்.

"என்ன மாரி சரியாகிப் போனவங்க நெறைய பேர் இருப்பாங்கல்ல?"

"நெறைய பேர் கீறாங்க."

"எங்க?"

தெரியவில்லை என்றேன்.

"அப்ப என் பக்கத்து பெட்டுல யாரு இருந்தாங்க?"

அவள் வயதில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். அந்த அப்பாவும் நானும் ஒரே குழாயடியில் வாந்தித் துணி அலசியிருக்கிறோம். ஊசி போடுகிற நேரத்தில் அவர் தன் மகளைப் பிடிக்க முடியாமல் வெளியே ஓடியபோது நான்தான் பிடித்தேன். அதைச் சொன்னேன்.

"அவங்க நம்பர் வாங்கலியா?"

"வாங்கல."

"அப்புறம் பாக்கவே இல்லியா?"

பார்த்தேன். இரண்டு வருஷம் கழித்து ஆவடி ஸ்டேஷனில், முதல் பிளாட்பாரத்தில். நான் என் மச்சான் குடும்பத்தோடு நின்றிருந்தேன். அவரும் சொந்தக்காரர்கள் நாலைந்து பேரோடு நின்றிருந்தார். நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது. உங்களுக்கு எப்படிப் பழக்கம் என்று பக்கத்தில் இருப்பவர்கள் கேட்டுவிட்டால்? நான் ரயில் வருகிற பக்கம் திரும்பிக்கொண்டேன். ஓரக்கண்ணால் பார்த்தேன். அவரும் திரும்பிக்கொண்டிருந்தார்.

இதையும் அவளிடம் மறைக்காமல் சொன்னேன்.

அவள் யோசித்தாள். நான் காத்திருந்தேன். பெஞ்சில் இருந்த இடத்தில் கொஞ்சம் என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து கேட்டாள்.

"அவர்கூட அந்தப் பொண்ணு இருந்தாளாப்பா?"

அவர் சட்டை நீலம். கையில் ஒரு மஞ்சள் பை. பக்கத்தில் ஒரு வயதானவர், இரண்டு பெண்கள். அதற்கப்புறம் அவர் இடுப்பு உயரத்தில், அவர் கையைப் பிடித்தபடி, ஒரு பிள்ளை நின்றிருந்ததா என்று இன்றுவரை யோசிக்கிறேன். ஞாபகம் வரவில்லை. நான் அவ்வளவு சீக்கிரம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.